இசக்கி அண்ணனுக்கு நான் எழுதிய கண்ணீர் அஞ்சலி

1

மாட்டுங்கா ரயிலடியிலிருந்து கோயில் தெருப் பக்கம் திரும்பியதும் சம்பங்கி மணம் வந்து மூக்கில் ஏறியது. தண்ணீர் தெளித்து வாழை இலைக்குள் சுருட்டி வைத்த சம்பங்கி. ஈரத்துணியை முகத்தில் போட்டதுபோல ஒரு கனம் அதற்கு உண்டு. நான் போனது காபிப்பொடி வாங்க. வாங்காமலே ரயிலேறிச் செம்பூருக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் கேட்டதற்குக் கடை அடைத்திருக்கிறது என்று பொய் சொன்னேன்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வருஷம் இதே மாதத்தில் இதே பூக்கடை வரிசையில் நின்று ஒரு மாலை கட்டச் சொன்னேன். கடைக்காரர் எங்கள் பக்கத்துக்காரர்தான், நாங்குநேரி. கல்யாணத்துக்கா, காரியத்துக்கா என்று கேட்டார். நாடகத்துக்கு என்றேன். கை நாரில் ஓடிக்கொண்டே இருக்க, நிமிராமல் அடுத்த கேள்வியைக் கேட்டார்: நாடகத்துல கல்யாணமா, காரியமா?

காரியம் என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கு மாட்டுங்காவில் விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நான் எழுதிய கடிதங்களில் இதுவரை மழையைப் பற்றியும் ரயில் கூட்டத்தைப் பற்றியும்தான் அதிகம் இருந்திருக்கும். இதை எழுதாமல் ஒரு வருஷம் தள்ளிப் போட்டேன். எழுதினால் மறுபடியும் ஒருவருக்கு அஞ்சலி எழுதியதாக ஆகிவிடுமோ என்ற பயம்.

2

திசையன்விளையிலிருந்து நான் இங்கே வந்து இருபத்தாறு வருஷம். தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. வீடு செம்பூர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து நாடகம் போடுகிறோம். குழுவின் பெயர் அறுபதடி. அந்தப் பெயருடைய சாலைக்குப் பின்னால்தான் எங்கள் பள்ளி இருக்கிறது, வேறு யோசனை வராமல் அதையே வைத்துவிட்டோம். நாடகங்களை நான் எழுதுவேன். பாதி திருநெல்வேலித் தமிழ், பாதி பம்பாய் இந்தி, நடுவில் யாராவது மராத்தியில் திட்டுவார்கள். எங்கள் பேட்டையில் அப்படித்தான் பேசுகிறார்கள், மேடையிலும் அப்படியே பேசுகிறோம்.

ஆட்கள் நன்றாக நடிப்பார்கள். பார்க்கத்தான் ஆள் வர மாட்டார்கள். அதற்காகக் குழுவுக்கு இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, என் மகள் பூஜாவிடம் பொறுப்பைக் கொடுத்தேன். அவளுக்கு இருபது வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் வாசிக்கும்போது எழுத்துக்கு எழுத்து நின்று மூச்சு வாங்குவாள், மாடிப்படி ஏறுகிறவள்போல. சிநேகிதிகளோடு இந்திதான். நான் தமிழ் வாத்தியார், என் பெண்ணுக்கு 'ஞ' கண்டால் பயம். இந்த அவமானத்தை ரொம்ப நாள் மறைத்து வைத்திருந்தேன், பிறகு பழகிவிட்டது.

அவள்தான் எனக்குப் பாடம் நடத்தினாள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போட வேண்டும், அப்போதுதான் எல்லோரும் ரயிலில் நின்றுகொண்டு போன் பார்ப்பார்கள். முதல் மூன்று நொடியில் ஒரு முகம் வர வேண்டும். யார் என்ன எழுதினாலும் பதில் போட வேண்டும், கும்பிடு போட்டாலும் போதும், பதில் போடப் போட ரீச் ஏறும். ரீச் என்ற சொல்லை அவள் உச்சரிக்கும்போது என் அம்மா மகசூல் என்று சொல்லும் தொனி இருக்கும்.

மகசூலும் வந்தது. துபாயிலிருந்து ஒருவர் கைதட்டினார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கண்ணீர் விட்டார். பள்ளிக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் பாத்திரக் கடைக்காரர் மட்டும் வரவில்லை. முந்தைய நாடகத்துக்கு முப்பது பேர் வந்தார்கள், அதில் பாதி நடிகர்களின் வீட்டு ஆட்கள். இப்படியே போனால் ஞாயிறு அன்று அரங்கத்தை ஒரு நடன வகுப்புக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் புத்தி வேலை செய்தது.

3

புது நாடகத்தின் கதை இது. ஒரு மனிதன் செத்துப்போகிறான். அவனைக் கிடத்தி வைத்து, அக்கம்பக்கத்தார் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். முதல் இருபது நிமிஷம் அவன் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு எழுந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வான். செத்தவனாக நடித்தவர் இசக்கிமுத்து அண்ணன்.

அவருக்கு அப்போது ஐம்பத்தேழு. தோல்பைப் பட்டறையில் வெட்டுகிறவர். கை அளவு வைத்தால் ஸ்கேல் தேவையில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறார். அறுபதடிச் சாலையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒருவரைப்போல நடந்து காட்டச் சொன்னால் அந்த ஆளே வெட்கப்படும்படி நடப்பார்.

என் யோசனை இதுதான்: நாடக விளம்பரத்தைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிபோலவே போட்டுவிடுவது. நம் ஊர்ச் சுவர்களில் இருக்குமே, முட்டை வடிவத்துக்குள் முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே மாலை, அதேபோல. நாடகத்தில் வரும் பெயரைப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று அண்ணனின் சொந்தப் பெயரையே போட்டேன். தாராவிக்காரன் பார்த்துத் திடுக்கிட்டு, கீழே வாசித்துச் சிரித்து, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவான் என்பது கணக்கு.

வரிகளை நானே எழுதினேன். 'ஊரையே சிரிக்க வைத்தவனே, உன் தேநீர் ஆறுகிறதே.' அதன் கீழே 'துயரத்தில் வாடும் உற்றார், உறவினர், நண்பர்கள்.' அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், அறுபதடி வழங்கும் நாடகம் என்ற வரி.

வரியை வாசிக்கக் கேட்ட பூஜா, இது ஜோக்கா என்றாள். ஆமாம் என்றேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு ஜோக் என்று தெரியுமா என்று அடுத்துக் கேட்டாள். ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், இது தாராவிக்கு என்று சொல்லி வாயை அடைத்தேன். பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று நாம் அழுகிறோம். விலகி நிற்கிறவர்களுக்குச் சில சமயம் நன்றாகத் தெரிகிறது.

அண்ணனிடம் சம்மதம் கேட்டபோது அவர் தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மாலை நல்லாருக்கு என்றார். பிறகு சொன்னார்:

"எனக்கு யாரு டீச்சர் ஒட்டப்போறா. உசுரோட இருக்கும்போதே பாத்துக்கிடுதேன். போடுங்க."

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று பிரதி, இரண்டு புகைப்படம், ஒரு விண்ணப்பம், நிகழ்ச்சியின் தன்மை என்ற கட்டத்துக்குள் இரண்டு சொல்லுக்குத்தான் இடம். கூடவே சுவரொட்டியையும் வைத்தேன். குமாஸ்தா மராத்திக்காரர், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றார். "கிதீ வய் ஹோத்தம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். என்ன வயது அவருக்கு என்று. ஐம்பத்தேழு என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். விளக்கி முடிப்பதற்குள் அவர் முத்திரை குத்தி இரண்டு கையாலும் காகிதத்தை நீட்டினார். வரிசையில் நிற்காமல் வேலை முடிந்த சந்தோஷத்தில் வெளியே வந்தேன். ஒரு எழுத்து தெரியாதவரே நம்பிவிட்டார், எழுத்து தெரிந்தவர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

4

அண்ணனுக்கு ஊரில் ஒரே ஒரு அக்கா உண்டு. பேச்சியம்மாள். தாய் தகப்பன் இல்லாமல் போனபின் அவள்தான் அவரை வளர்த்து ரயிலேற்றி விட்டவள். அப்போது ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதன் காரணத்தை ஒரு தடவை சயான் பக்கம் நடந்து வரும்போது சொல்லியிருக்கிறார்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டில் வைத்து, நேரில் வந்து, முடியாவிட்டால் ஆள் மூலமாகவாவது கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு அது போனில் படமாக வந்தது. அதுவும் அக்கா அனுப்பவில்லை, அக்கா மகன் செல்வம் அனுப்பினான், பத்துப் பேருக்கு அனுப்பியதில் ஒன்றாக. இவர் காத்திருந்தார். இனிமேல் பத்திரிகை வரும், அதற்கு முன்னால் சும்மா காட்டுவதற்கு அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தார். வரவில்லை. இவரும் போகவில்லை. மணவறையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரையோ நிறுத்தினார்கள்.

அக்கா போனில் கூப்பிட்டு, நீ செத்தாலும் உன் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்றாள். இவர் தன் நம்பரையே மாற்றிவிட்டார். நியாயம் அவர் பக்கம்தான் என்று நான் அன்றைக்குச் சொன்னதாக ஞாபகம். எங்களுக்கு இங்கே ஆறுதல் சொல்ல நேரமிருக்கும், விசாரிக்க நேரமிருக்காது.

5

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குச் சுவரொட்டியைப் பக்கத்தில் போட்டோம். ஒரு மணி நேரத்தில் கண்ணீர்ப் பொம்மைகள் கொட்டின. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று வரிசையாக. தாராவிக்காரர்கள் விளையாட்டில் சேர்ந்துகொண்டார்கள் என்று எனக்குப் பூரிப்பு. ஒவ்வொன்றுக்கும் நன்றி என்று எழுதி ஒரு கும்பிடு போட்டேன். இழவு வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை காட்டுவதுபோல.

படத்தில் ஒரு நம்பரும் இருந்தது, குழுவுக்கென்று வைத்திருக்கும் பழைய போன். வகுப்பில் இருக்கும்போது நான் எடுக்க முடியாது என்பதால் யார் செய்தி அனுப்பினாலும் தானாகவே பதில் போகும்படி பூஜா செய்து வைத்தாள். பதிலின் வாசகம் என்னுடையது. 'வணக்கம். தொடர்புகொண்டமைக்கு நன்றி. ஞாயிறு மாலை ஆறரை மணி. குடும்பத்துடன் அவசியம் வந்து கலந்துகொள்ளவும்.' கீழே பள்ளி இருக்கும் இடத்தின் வரைபடம். நாடகம் என்ற சொல்லைப் போட வேண்டாம், மர்மம் போய்விடும் என்று சொன்னதும் நான்தான்.

விக்ரோலியில் இருக்கும் ஒருவர், அண்ணனின் ஊர்க்காரர், அந்தப் படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தார். படத்துக்குக் கீழே 'நம்ம ஊர் இசக்கிமுத்து, நல்ல மனுஷன்' என்று ஒரு வரி எழுதினார். அந்த வரி சரியாகப் போய், நாடகம் என்று நான் போட்டிருந்த சின்ன எழுத்தின் மேல் உட்கார்ந்தது. அதை யாரோ அப்படியே பிடித்து ஊர்க் குழுவில் போட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம் பேச்சியம்மாளின் மகன் செல்வம், மினிவேன் ஓட்டுகிறவன், சவாரி நடுவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அதை வாசித்தான்.

அவன் அனுப்பிய செய்திகளைப் பிறகு பார்த்தேன். இன்றைக்கும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மாமா எப்படி இறந்தாங்க என்று கேட்டிருந்தான். வணக்கம், தொடர்புகொண்டமைக்கு நன்றி என்று போயிருந்தது.

உடம்பு எங்கே இருக்கு என்று கேட்டிருந்தான். ஞாயிறு மாலை ஆறரை மணி என்று வரைபடத்தோடு போயிருந்தது.

நாங்கள் வருகிற வரைக்கும் வைத்திருங்கள், அம்மா கிளம்பிவிட்டாள் என்று எழுதியிருந்தான். குடும்பத்துடன் அவசியம் வந்து கலந்துகொள்ளவும்.

நாலைந்து தடவை கூப்பிட்டும் இருக்கிறான். போன் வீட்டில் என் மேசை டிராயரில் சத்தமில்லாமல் கிடந்தது. விக்ரோலிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அண்ணனைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது, படம் வந்தது, வைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். மூன்று நாள் கழித்தா எடுப்பார்கள் என்று அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பம்பாயில் அப்படித்தான், ஆசுபத்திரியில் பெட்டியில் வைத்திருப்பார்கள் என்று யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லிவிட்டார். இந்த நகரத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் ஊரில் நம்புவார்கள். அதற்கும் நாங்கள்தான் காரணம், விடுமுறைக்கு வந்து கதை அளக்கிற நாங்கள்.

சனிக்கிழமை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பழைய போனில் அறுபதுக்கு மேல் செய்திகள் சேர்ந்திருப்பதை பூஜா எட்டிப் பார்த்துச் சொன்னாள். க்யா ரெஸ்பான்ஸ் ஹை அம்மா, என்னமா வரவேற்பு என்றாள். நான் ஒன்றையும் திறக்கவில்லை. எண்ணிக்கையே இனித்தது.

6

ஞாயிறு ஐந்தரை மணிக்கே பள்ளி வாசலில் கூட்டம். பாத்திரக் கடைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். வாசலில் ஆளுயர பேனர், மாலை போட்ட இசக்கி அண்ணன். அதன் கீழே நின்று பிள்ளைகள் வடாபாவ் தின்றார்கள், பெரியவர்கள் செல்பி எடுத்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். அறுபத்தைந்து இருக்கும். ஒன்றரை நாள் ரயில் சேலையில் தெரிந்தது. பின்னால் ஒரு இளைஞன், கையில் துணிப்பை. அவள் பேனரைப் பார்த்தாள். செல்பி எடுப்பவர்களைப் பார்த்தாள். அந்த முகத்தில் அழுகை இல்லை, ஊர் தப்பி வந்துவிட்டோமோ என்ற குழப்பம்தான் இருந்தது. பிறகு, பொறுப்பானவள்போல நான் தெரிந்தேனோ என்னவோ, என்னிடம் வந்து கேட்டாள்:

"எங்க தாயி வச்சிருக்கு அவன?"

எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. டிராயரில் கிடக்கும் போன், எழுந்து நின்ற குமாஸ்தா, ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியுமா என்ற கேள்வி. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அரங்கத்துக்குப் பின்னால் நாலாம் வகுப்பறையில் நடிகர்கள் வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்தடி தூரம்தான், ஆனாலும் அந்தப் பத்தடியும் அவள் இழவுக்குத்தான் நடந்தாள். என்னால் மன்னித்துக்கொள்ள முடியாதது அந்தப் பத்தடி.

இசக்கி அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய திருநீறு. தாடையைச் சுற்றித் தலை உச்சியில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. அதை ஒரு விரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா வாசலிலேயே நின்றாள். அவர் டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். அவள் மெல்ல நடந்து அவர் முன்னால் போய், முதலில் அந்தத் தலைமுடிச்சைப் பிடித்து அவிழ்த்தாள். நகம் போட்டு, பொறுமையாக, குழந்தையின் தொப்பி நாடாவை அவிழ்ப்பதுபோல. அவிழ்த்த துணியைத் தூர எறிந்துவிட்டு ஓங்கி ஒரு அறை விட்டாள். டீ சுவரெல்லாம் தெறித்தது.

"செத்தாலும் வரமாட்டேன்னு சொன்னேம்லா. வந்துட்டேன், பாத்துக்கோ."

அவர் கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

"செத்தாத்தான் வருவியாக்கா?"

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அவர் மடியில் தலையை முட்டி முட்டி அழுதாள். செல்வம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

நாடகத்துக்காக நான்தான் எழுதியது, தப்பு என்னுடையது என்று சொல்லி முடித்தேன். பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானா எழுதுனது. இவன் வாசிச்சுக் காட்டுனான், எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உற்றார் உறவினர்னு போட்டியே, ஒத்தப் பொறப்பு நா ஒருத்தி இருக்கேன், எம்பேரு எங்க பிள்ள?"

கோபமாகத்தான் கேட்டாள். பொய்ச் சாவு என்பதைவிட அதில் தன் பெயர் விட்டுப் போனதுதான் ரயிலில் முழுக்க அவளை அறுத்திருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணனை அறுத்ததும் இதேதான். பத்திரிகையில் எங்கே என் இடம் என்ற கேள்வி. நம் ஆட்கள் சாவைப் பொறுத்துக்கொள்வார்கள், பெயர் விட்டுப்போவதைப் பொறுக்க மாட்டார்கள்.

7

துணிப்பைக்குள் கோடி வேட்டி இருந்தது. கூடப் பிறந்தவனுக்குக் கடைசியாகப் போர்த்தக் கொண்டுவந்த புது வேட்டி. அதை வெளியே எடுத்ததும் எல்லோரும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டோம். திரும்ப ஊருக்குக் கொண்டு போகக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. செல்வம் கடலில் போட்டுவிடலாம் என்றான். பேச்சியம்மாள் யோசித்தாள். பிறகு மஞ்சள் வேண்டும் என்று கேட்டாள்.

வேஷப் பெட்டியில் முகப்பூச்சுதான் இருந்தது. இதுவரை மூலையில் நின்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த பூஜா ஓடினாள். தெருமுனைக் கடையில் ஹல்தி என்று கேட்டு ஒரு பொட்டலத்தோடு வந்தாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. பேச்சியம்மாள் உள்ளங்கையில் கொட்டி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, வேட்டியின் நாலு முனையிலும் வைத்தாள். செத்தவனுக்கு மஞ்சள் வைத்த துணி போர்த்த மாட்டார்கள், உயிரோடு இருப்பவனுக்கு மஞ்சள் வைக்காமல் புதுத்துணி உடுத்தக் கொடுக்க மாட்டார்கள். இதைப் பிறகு பூஜாவுக்குச் சொன்னபோது, நாலு புள்ளிதானா வித்தியாசம் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"உடுத்துல," என்றாள் அக்கா. அண்ணன் திரும்பி நின்று உடுத்திக்கொண்டார்.

ஆறே கால். அரங்கம் நிரம்பி ஜன்னலிலெல்லாம் ஆட்கள். பேச்சியம்மாள் ஒரு நிபந்தனை போட்டாள், தன் கண் முன்னால் அவன் படுக்கக் கூடாது. எங்கள் குழுவில் வெங்கட்ராமன் சார் என்று ஒருவர், மாட்டுங்காக்காரர், வங்கியில் ஓய்வு பெற்றவர். நாடகத்தில் அண்டை வீட்டுக்காரராக வருவார். அவர் மெதுவாக, படுக்கலேன்னா நாடகமே இல்லையேம்மா என்றார். நாடகத்துக்காக நீங்க படுங்களேன் என்றாள் அவள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். படுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். எழுதியதில் அதுவரை நான் ஒரு வரியைக்கூட விட்டுக் கொடுத்தவள் இல்லை.

மேடையில் வெறும் பெஞ்சு, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. இசக்கி அண்ணன் அழ வந்தவர்களில் ஒருவராக ஓரத்தில் நின்றார், மஞ்சள் முனை தெரிய. நாடகம் நன்றாக நடந்ததா என்றால் எனக்குத் தெரியாது. பாதிப்பேர் வசனத்தை மறந்தார்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தார்கள். வெங்கட்ராமன் சார் காலிப் பெஞ்சைப் பார்த்து, யாருமே இல்லாத மனுஷன், பாவம் என்ற வசனத்தைச் சொன்னபோது முன்வரிசையிலிருந்து பேச்சியம்மாள் எழுந்துவிட்டாள்.

"யாருமில்லன்னு எவரு சொன்னது? குத்துக்கல்லாட்டம் நா இருக்கேம்லா."

அரங்கம் அதையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. வெங்கட்ராமன் சார் ஒரு கணம் தடுமாறிவிட்டு, தெரியாமப் போச்சும்மா, சொன்னேளே, சந்தோஷம் என்று கும்பிட்டார். இசக்கி அண்ணன் அழ ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. நான் எழுதியிருந்த பதில்களில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. திரையை நாங்களே இழுத்தோம்.

பூஜா எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தாள். பக்கத்தில் போடலாமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். ஆனால் அக்காவும் தம்பியும் சேர்ந்து நிற்கிற ஒரு துண்டை மட்டும் ஊர்க் குழுவுக்கு அனுப்பச் சொன்னாள் பேச்சியம்மாள். அங்கே தெருவில் ஒரு வீட்டுப் பெண்ணின் சடங்கைத் தள்ளி வைத்திருந்தார்களாம். இரங்கல் போட்ட அதே ஆட்கள், பொய்ச் சாவு வந்தால் ஆயுசு கெட்டி என்று போட்டார்கள். அன்றைக்கே சுவரொட்டியையும் தானாகப் போகும் பதிலையும் எடுத்துவிட்டோம். ஆனாலும் இரண்டு மாதம் வரைக்கும் எங்கெங்கிருந்தோ இரங்கல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று என் வாயால் சொன்னேன். சிலருக்கு அதில் ஏமாற்றம்கூட.

8

அக்கா நாலு நாள் இருந்தாள். அந்த ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு பானையைக் கழுவிக் கவிழ்த்தாள், ஒரு பழைய பனியனைத் தூக்கிப் போட்டாள். பட்டறைக்குப் போய் அவர் தோல் வெட்டுவதை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையைப் பற்றி இருவரும் பேசினார்களா என்று தெரியாது. பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். செல்வம் மட்டும் ஒரு தடவை, மாமா அப்பவே நா நேர்ல வந்திருக்கணும் என்று ஆரம்பித்தான். அண்ணன் அவன் தோளில் கை போட்டு வேறு எதையோ காட்டினார்.

வியாழக்கிழமை வழியனுப்ப நானும் பூஜாவும் போனோம். பேச்சியம்மாள் பூஜாவின் கன்னத்தை வழித்து ஏதோ சொன்னாள். வேகமான எங்கள் பக்கத்துப் பேச்சு, பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் தலையாட்டினாள். என்னை மன்னித்தாளா என்று பேச்சியம்மாளிடம் நான் கேட்கவில்லை. என் கையை ஒரு தடவை பிடித்து விட்டாள், அவ்வளவுதான். அந்த அளவு எனக்குப் போதும் என்று இருக்கிறேன்.

வண்டி ஏற வேண்டிய கூட்டமெல்லாம் ஏறிவிட்டது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தம்பி. தம்பி தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். இன்னொரு தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். வண்டி அசைந்தபோது, போய்ச் சேர்ந்து போன் போடுக்கா என்றார்.

அவள் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். அவர் வண்டியோடு நாலைந்து அடி நடந்தார்.

"போடுதேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோல. இனிமே நீ செத்தேன்னு எவன் வந்து சொன்னாலும் நா நம்ப மாட்டேன். அதனால எனக்குப் பொறவு சாவு, என்ன."